92ஆ 95ஆ: ஷெட்டில் கேட்கிற கேள்விக்கு வாகனத்தின் மூடியில் இருக்கிற பதில்

கேள்வி சுருக்கமாக இது. கல்லடியில் ஒருவர் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த வாகன் ஆர் கார் ஒன்றை எடுத்திருக்கிறார். வீட்டில் இந்தியாவில் செய்த 150 சீசி மோட்டார் சைக்கிள் ஒன்றும் நிற்கிறது. பெற்றோல் ஷெட்டில் ஒவ்வொரு தடவையும் "92ஆ 95ஆ?" என்று கேட்கிறார்கள். கட்டாரில் இருக்கிற மச்சான் "காசைப் பாக்காத, பிரீமியம் அடி, இஞ்சின் நீடிச்சு உழைக்கும்" என்கிறார். பக்கத்துக் கராஜ்காரர் "92 போதும்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி? அந்த இலக்கம் எதைக் குறிக்கிறது?

கராஜ்காரர் சொல்வதுதான் சரி. அவர் சொல்வதை அப்படியே நம்பவும் தேவையில்லை. பதில் உங்கள் வாகனத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த இலக்கம் பெற்றோலின் ஒக்டேன் எண். அது எதைச் சொல்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

மச்சானின் சொல்லில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி பெயரால் வருவது. கட்டாரிலும் குவைத்திலும் "பிரீமியம்" என்பது 91 ஒக்டேன், அதாவது அங்குள்ள குறைந்த ரகம். 95க்கு அங்கே "சூப்பர்" என்று பெயர். துபாய்க்குப் போனால் "சூப்பர்" 98 ஆகிவிடும். 95க்கு "ஸ்பெஷல்", 91க்கு "ஈ பிளஸ்". அமெரிக்காவில் "பிரீமியம்" என்றால் இருப்பதில் உயர்ந்த ரகம். சவூதியில் பெயர் சொல்லாமல் பச்சை என்றால் 91, சிவப்பு என்றால் 95 என்று நிறத்தால் பிரிக்கிறார்கள். நம் ஊரில் கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். ஒவ்வொருவரும் தாம் ஓட்டிய நாட்டின் பெயரை இங்கே கொண்டுவந்து பேசும்போது ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் வந்துவிடுகிறது. ஆகவே பிரீமியம், சூப்பர், எக்ஸ்ட்ரா, பவர், ஸ்டார் எல்லாம் கம்பனிகள் வைக்கிற வியாபாரப் பெயர்கள். இலக்கத்தை மட்டும் பாருங்கள்.

இலக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் 87, 89, 93 என்று பேசுவார்கள். அதைப் பார்த்துவிட்டு "அமெரிக்காவிலேயே 87தான் அடிக்கிறார்கள், நமக்கு 92 கிடைக்கிறது" என்று எண்ணக்கூடாது. ஒக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. இரண்டுமே அமுக்க விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை) மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இஞ்சின் ஒன்றில் ஓட்டிப் பார்ப்பவைதான். ஆர்ஓஎன் என்ற ஆய்வு முறையில் இஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடும். எம்ஓஎன் என்ற மோட்டார் முறையில் 900 சுற்று, உள்ளே போகும் கலவையையும் 149 பாகை வரை சூடாக்கி இஞ்சினைக் கஷ்டப்படுத்துவார்கள். அதனால் ஒரே பெற்றோலுக்கு எம்ஓஎன் எண் பத்து அளவில் குறைவாக வரும். இலங்கை, இந்தியா, ஜப்பான், ஐரோப்பா, வளைகுடா எங்கும் பம்பில் எழுதுவது ஆர்ஓஎன். அமெரிக்கா இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறது. நம்முடைய 92க்கு எம்ஓஎன் 82 என்று வைத்தால் (92 + 82) ÷ 2 = 87. அவர்களின் 87ம் நம்முடைய 92ம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு.

இனி ஒக்டேன் என்றால் என்ன என்பதற்கு வருவோம். பெற்றோலின் "பலம்" என்றும் "சுத்தம்" என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒரு லீற்றர் 95இல் 92ஐ விட அதிக சக்தி அடங்கியிருக்கவில்லை. ஒக்டேன் எண் சொல்வது ஒன்றே ஒன்று: அமுக்கத்திலும் சூட்டிலும் அந்தப் பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது. ஐசோ ஒக்டேன் என்ற திரவம் நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100 கொடுத்தார்கள். ஹெப்டேன் சட்டென்று பற்றும், அதற்கு 0. நூற்றில் 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை இஞ்சினில் எப்படி நடக்கிறதோ அதேபோல நடக்கிற பெற்றோல் 92. உங்கள் டேங்கில் 92 வீதம் ஐசோ ஒக்டேன் இருக்கிறது என்று அர்த்தமல்ல. நடத்தை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பொறுக்காவிட்டால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் பிளக் பொறி விட்டதும் நெருப்பு ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரத்துக்குப் பரவ வேண்டும். அது பரவும்போது முன்னால் இருக்கிற எரியாத கலவையை அமுக்கிச் சூடாக்கும். பெற்றோல் பொறுக்காத ரகமாக இருந்தால் நெருப்பு வந்து சேருமுன்னே அந்த மூலைக் கலவை முழுவதும் ஒரே அடியாக வெடிக்கும். அந்த அதிர்ச்சி பிஸ்டனிலும் ஹெட்டிலும் மோதுவதுதான் வெளியே கேட்கிற சத்தம். தகர டப்பாவுக்குள் நாலைந்து கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கிணுகிணுப்பு. நம் மெக்கானிக்மார் "நொக் பண்ணுது" என்பது இதைத்தான். சும்மா நிற்கும்போது கேட்காது. மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் திராட்டிலை முழுக்கக் கொடுத்தால், அல்லது ஏற்றத்தில் கியர் குறைக்காமல் இழுக்க விட்டால் கேட்கும்.

தொடர்ந்து நொக் ஆகிற இஞ்சினின் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகளும், சில வேளை ஊசிமுனை அளவில் மினுங்குகிற துகள்களும் தெரியும். அந்த மினுங்கல் பிஸ்டனில் இருந்து உருகித் தெறித்த அலுமினியம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பெற்றோலை மாற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடக்கூடாது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இஞ்சினுக்கு எது வேண்டும் என்பதை அதன் வடிவமைப்பாளர் தீர்மானித்துவிட்டார். ஜப்பானில் ரெகுலர் பெற்றோலுக்குத் தரநிலை குறைந்தது 89. ஹைஒக்டேன் ரகத்துக்குக் குறைந்தது 96. இரண்டும் ஆர்ஓஎன்தான். வாகன் ஆர், ஆல்டோ, விட்ஸ், அக்குவா, பிரியஸ் எல்லாம் ஜப்பானில் ரெகுலருக்குச் செய்தவை. 89இல் ஓட வேண்டும் என்று செய்த இஞ்சினுக்கு நம் ஊர் 92 தேவைக்கு மேலேயே இருக்கிறது. "அமுக்க விகிதம் 10க்கு மேல் போனால் 95 அடிக்க வேண்டும்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. அக்குவாவின் இஞ்சினில் அந்த விகிதம் 13.4, ஆனாலும் அது ரெகுலர் வண்டிதான். உள்வால்வை நேரம் கழித்து மூடுவதால் உண்மையில் அமுக்கப்படுகிற காற்று குறைவு. விகிதத்தை இணையத்தில் தேடிப் பார்த்துப் பயப்படுவதை விட ஸ்டிக்கரைப் பார்ப்பது நல்லது.

அந்த ஸ்டிக்கர் பெற்றோல் ஊற்றுகிற வாயின் வெளிக் கதவுக்கு உட்பக்கம் இருக்கும். ஜப்பானிய எழுத்துத் தெரியாவிட்டால் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கமராவைத் திறந்து காட்டுங்கள். "ஈயமற்ற ரெகுலர்" என்று வந்தால் 92. "பிரீமியம்" அல்லது "ஹைஒகு" என்று வந்தால் அது 96 எதிர்பார்க்கிற வண்டி. அதற்கு 95 கட்டாயம், லங்கா ஐஓசி 2024இல் கொண்டுவந்த எக்ஸ்பி 100 என்ற 100 ஒக்டேன் பெற்றோல் கிடைக்கிற இடத்தில் அதையும் அடிக்கலாம். ஐரோப்பிய வண்டி என்றால் அங்கே சாதாரண பெற்றோலே குறைந்தது 95. ஆகவே மூடியில் 95 என்று இருக்கிற பிஎம்டபிள்யூ, பியூஜோ, ஔடிக்கு 92 அடித்துக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சீனாவில் 92, 95, 98 என்று நம்மைப் போலவே விற்கிறார்கள், அதனால் சீன வண்டியின் மூடியில் இருக்கிற இலக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நெடுங்காலம் சாதாரண பெற்றோல் 91 ஆக இருந்தது. உங்கள் 150 சீசி மோட்டார் சைக்கிளும் தெருவில் ஓடுகிற ஓட்டோக்களில் மிகப் பெரும்பாலானவையும் அதற்கே செய்யப்பட்டவை, 92 தாராளம். புதிய இந்திய வண்டிகளின் மூடியில் ஈ20 என்று ஒட்டியிருப்பதைக் கண்டு ஒக்டேன் 20 என்று சிலர் கேட்கிறார்கள். அது 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோலையும் அந்த வண்டி தாங்கும் என்ற அறிவிப்பு. அது ஒக்டேன் எண் அல்ல.

இரண்டு வாசகங்களைப் பிரித்துப் படியுங்கள். "குறைந்தது 95" என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது. "95 சிபாரிசு" என்றால் 92இலும் பழுதில்லாமல் ஓடும், முழு இழுவை மட்டும் கிடைக்காது. இப்போதைய கார்களில் இஞ்சின் புளொக்கில் நொக் சென்சர் ஒன்று இருக்கிறது. கிணுகிணுப்பை அது உணர்ந்ததும் கணினி பொறி விடுகிற நேரத்தைப் பின்தள்ளும். நொக் நிற்கும், ஆனால் இழுவை குறையும், பெற்றோல் செலவு கூடும். 92க்குச் செய்த வண்டிக்கு 95 அடித்தால் பெரும்பாலும் எதுவும் மாறாது, ஏனென்றால் கணினி பின்தள்ள வேண்டிய தேவையே இல்லாமல்தான் முன்னரும் ஓடிக்கொண்டிருந்தது.

காசுக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். விலை மாதாமாதம் மாறுவதால் கணக்குக்காக 92 ஒரு லீற்றர் 300 ரூபா, 95 ஒரு லீற்றர் 350 ரூபா என்று வைப்போம். 92இல் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 15 ரூபா. 95இலும் அதே 15 ரூபா வர வேண்டுமானால் லீற்றருக்கு 23.3 கிலோமீற்றர் ஓட வேண்டும். ரெகுலருக்குச் செய்த இஞ்சினில் அந்த மூன்றேகால் கிலோமீற்றர் கூடி வருவதற்கு வழியே இல்லை. நம்பாவிட்டால் அளந்து பாருங்கள்: பம்ப் முதல் தடவை "டக்" என்று தானாக நிற்கும் வரை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீற்றர் ஓடியபின் அதே ஷெட்டில் அதே பம்பில் மறுபடி முதல் "டக்" வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை. ஒரு டேங்க் போதாது, மூன்று டேங்க் பாருங்கள். "டக்"குக்குப் பிறகும் சில்லறை சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் ஊற்ற விட்டால் கணக்குக் குழம்பும்.

இரண்டையும் கலக்கலாமா என்றால் தாராளமாகக் கலக்கலாம். பத்து லீற்றர் 92உடன் பத்து லீற்றர் 95 சேர்ந்தால் சுமார் 93.5. வேதியியல் சண்டை எதுவும் உள்ளே நடக்காது. வழமையாக 95 அடிக்கிற வண்டிக்கு ஓரிடத்தில் அது கிடைக்காமல் போனால் போதுமான அளவு 92 ஊற்றி, பாரம் ஏற்றாமல், திராட்டிலை மிதமாகக் கொடுத்து வந்து, அடுத்த ஷெட்டில் 95ஆல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கென்று சில விசயங்கள் உண்டு. மட்டக்களப்பும் கல்முனையும் கடல் மட்டத்தில் இருப்பவை. காற்றழுத்தம் இங்கே முழுதாக இருக்கும், அதனால் நொக் வரும் வாய்ப்பு மலைநாட்டை விட இங்கே கூட. கச்சான் காற்று வீசுகிற மே முதல் ஓகஸ்ட் வரை உள்ளே இழுக்கும் காற்றே சூடு. மழைக்காலத்தில் சத்தமில்லாமல் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள் கச்சான் காலத்தில் கிணுகிணுப்பது இதனால்தான். செங்கலடியில் இருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஆள் நிரப்பிப் போகிறவர்களுக்கு லுணுகலை, பசறை ஏற்றங்களில் இது கேட்கும். அங்கே முதலில் செய்ய வேண்டியது கியரைக் குறைப்பது. பெற்றோலைக் குறை சொல்வது பிறகு.

ஏனென்றால் சரியான பெற்றோல் அடித்தும் நொக் வந்தால் காரணம் பெரும்பாலும் வண்டியில்தான் இருக்கும். கடற்கரை ஓரத்து வண்டிகளின் ரேடியேட்டர் தகடுகளை உப்புக்காற்று அரித்து உதிர்த்துவிடும். கூலண்ட் வாங்கப் பஞ்சிப்பட்டுக் கிணற்றுத் தண்ணியை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து சூடு இறங்காது. சூடான இஞ்சின் 95ஐயும் நொக் ஆக்கும். பிஸ்டன் தலையில் கரி படிந்தால் அமுக்கம் கூடும், அந்தக் கரியே தணலாகிக் கலவையைப் பற்றவைக்கும். தவறான சூட்டு இலக்கமுள்ள பிளக், பொறி விடுகிற நேரத்தை (டைமிங்) முன்னுக்கு வைத்த இஞ்சின், காற்று ஒழுக்கால் பெற்றோல் குறைந்த கலவை, எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு அடைத்துப்போவது, இவையெல்லாம் இதே சத்தத்தைத் தரும். 95க்குக் கொடுக்கிற மேலதிகக் காசில் கூலண்டும் சரியான பிளக்கும் வாங்கினால் வாகன் ஆருக்கு அதனால் கிடைக்கிற நன்மை பெரிது.

"ஒக்டேன் கூட்டும்" போத்தல்களில் 5 பொயின்ற் கூட்டும் என்று இருந்தால் 92 என்பது 97 ஆகாது. அந்த வியாபாரத்தில் ஒரு பொயின்ற் என்பது அநேகமாக 0.1. அரை எண்தான் கூடும். டேங்கில் பூச்சி உருண்டை போடுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது கரைந்து, பிறகு கார்புரேட்டர் ஜெட்டில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். போடாதீர்கள்.

மண்ணெண்ணெய் கலப்புத்தான் உண்மையில் ஒக்டேனைக் கொல்வது. பெற்றோல் இஞ்சினுக்கு அதன் ஒக்டேன் எட்டவே எட்டாது. பாலமீன்மடுவிலும் கல்முனையிலும் கரையோரத் தோணிகளில் இருக்கிற மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இஞ்சின்கள் அதில் ஓடுவது, அவற்றின் அமுக்கத்தை வேண்டுமென்றே குறைத்துச் செய்திருப்பதால். அவற்றையும் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். கரைக்கு வருமுன் சில நிமிடம் மறுபடி பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்தினால்தான் கார்புரேட்டரில் அடுத்த நாளுக்குப் பெற்றோல் நிற்கும். சாதாரணப் பெற்றோல் வண்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டு நிழலில் வையுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் தடமில்லாமல் பறந்துவிடும். எண்ணெய்ப் பசையாக ஒரு வளையம் நின்றால் கனமான ஏதோ கலந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு 2டி ஒயில் கலந்த பெற்றோலில் இந்தச் சோதனை செல்லாது, ஒயிலே வளையம் போடும். அந்த ஒயிலும் 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. பாதுகாப்புக்கென்று கூட ஊற்றினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைந்து கலவை மெலிந்து சூடேறும்.

மாரி வெள்ளத்துக்குப் பிறகு வருகிற கோளாறு வேறு. நிலத்தடி டேங்கிலோ உங்கள் டேங்கிலோ தண்ணி சேர்ந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு நின்றுவிடும். இதை ஒக்டேன் குறைவு என்று நினைத்து 95 அடிப்பவர்கள் உண்டு. டேங்கின் அடியில் இருந்து அரை லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணி அடியில் தனிப் படையாகவோ முத்துக்களாகவோ பிரிந்து தெரியும். டேங்கைக் கழுவாமல் அது போகாது.

டீசல் வண்டிக்கு ஒக்டேன் கணக்கு இல்லை. அங்கே வேண்டியது நேர் எதிர்க் குணம்: பொறி இல்லாமல் சட்டென்று பற்ற வேண்டும், அதை சீட்டேன் எண் அளக்கிறது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் சுப்பர் டீசலில் "4 ஸ்டார்" என்பது பெயர், "யூரோ 4" என்பதுதான் தரம். அந்தத் தரத்தில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் போகக்கூடாது, சீட்டேன் குறைந்தது 51. புகைவடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டிகளுக்கு அது தேவை. அம்பாறை வயல்களில் ஓடுகிற லாண்ட் மாஸ்டருக்கும் பழைய டிராக்டருக்கும் சாதாரண ஓட்டோ டீசலே போதும்.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் 92க்கும் 95க்கும் ஒரு தடவை மாறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது, டீசலுக்கும் பெற்றோலுக்கும் மாறினால் கெட்டுப்போகும். டீசல் பம்பின் குழாய் பருமனாக இருப்பதால் பல பெற்றோல் கார்களின் வாயில் அது போகாது. பெற்றோல் குழாயோ டீசல் வானின் வாயில் தடையின்றிப் போகும். டீசல் பம்பை உள்ளே மசகிடுவதே டீசல்தான், பெற்றோல் அதைக் கழுவிவிடும். பிழையாக அடித்துவிட்டது தெரிந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம், சுவிச்சை "ஒன்" நிலைக்குக் கூடக் கொண்டுபோக வேண்டாம், பல வண்டிகளில் அப்போதே டேங்க் பம்ப் ஓடத் தொடங்கும். நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரமாக்குங்கள். டேங்கை முழுவதும் இறக்கி, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றி, குழாயில் உள்ள காற்றை எடுத்துவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பம்பைக் கழற்றிப் பார்ப்பதா விடுவதா என்று அவர் முடிவெடுப்பது எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வைத்துத்தான்.